காபி ஹவுஸுக்கு ஒரு கலைக்களஞ்சியப் பக்கம்

கேரளத்தின் பொன்முடிக்குப் போகிறவர்கள் மலையேறுவதற்கு முன் பார்க்கிற கடைசிப் பெரிய கடைத்தெரு வித்துராதான். இங்கே ஒரு சாயா குடித்துவிட்டுக் கிளம்பினால் கல்லார், அதன்பின் 22 கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் பனி. இன்னொரு சாலை போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்குப் பிரிகிறது. அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் அந்த வழியாகத்தான் நடக்கத் தொடங்குகிறார்கள். இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான ஐசரின் வளாகம் வந்தபிறகு, இந்த மலையடிவாரத்தில் பல மாநில மாணவர்களும் நடமாடுகிறார்கள்.

சுற்றுலாவுக்கு வந்தவர்களோ, படிக்க வந்தவர்களோ, எல்லோரும் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. மலைமேல் தங்கலாமா, திருவனந்தபுரம் திரும்பினால் எங்கே சாப்பிடலாம் என்று கைப்பேசியில் தேடுகிறார்கள். விளம்பரங்களுக்கும் நட்சத்திர மதிப்பெண்களுக்கும் நடுவே ஒரு விக்கிப்பீடியா பக்கம் வந்து நிற்கும். மற்றவற்றைச் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள்கூட அதை மட்டும் நம்பிப் படிக்கிறார்கள். ‘கலைக்களஞ்சியம் பொய் சொல்லுமா?’ என்ற எண்ணம்தான்.

அந்தப் பக்கத்தை எழுதுவது யார்? விருப்பமுள்ள எவரும் எழுதலாம். 2001 ஜனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியாவில் அந்த ஒரு மொழியில் மட்டும் கட்டுரைகள் 70 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பெரும்பாலான பக்கங்களின் தலைப்பில் ‘தொகு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி வரியை மாற்றிச் சேமித்தால், மாற்றம் உடனே உலகத்துக்குத் தெரியும். பக்கத்திலேயே ‘வரலாறு’ என்றொரு இணைப்பும் உண்டு. எந்தக் கணக்கிலிருந்து, எந்த நேரத்தில், எந்தச் சொல் சேர்ந்தது, எது போனது என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். வாசகர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஒரு ஓட்டலின் பக்கத்தை எடைபோட அதைவிட நல்ல இடம் கிடையாது.

கிளைகள் பல கொண்ட ஓட்டலைப் பற்றி எழுதுவது எளிது என்று தோன்றும். எப்போது தொடங்கினார்கள், யார் தொடங்கினார்கள், எத்தனை கிளை என்று எழுதினால் முடிந்ததே! இந்தியன் காபி ஹவுஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் தெரியும், இந்த மூன்று கேள்விக்கும் ஒற்றைப் பதில் கிடையாது.

வித்துரா பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பேருந்து ஏறித் தம்பானூரில் இறங்கினால், நிலையத்தை ஒட்டிச் சிவப்புச் செங்கல்லில் ஒரு கோபுரம் சுருண்டு எழுந்து நிற்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் அது. உள்ளே மாடிப்படியே இல்லை. தரையே சரிவாக வளைந்து வளைந்து மேலே போகிறது. சுவரை ஒட்டி மேசைகள். சுவர் நெடுக இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற்கள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. விசிறி மடிப்புத் தலைப்பாகை கட்டிய பணியாளர் தட்டை வைத்துவிட்டுப் போகிறார். தட்டில் இருக்கும் கட்லெட்டைப் பிட்டால் உள்ளே பீட்ரூட்டின் சிவப்பு. மசால் தோசைக்குள்ளும் அதே நிறம்.

இதை எல்லாம் பார்த்த ஒருவர், ‘காபி ஹவுஸைத் தொடங்கியது எந்த ஆண்டு?’ என்று தேடினால் முதலில் 1936 கிடைக்கும். காபி விற்பனையைப் பெருக்குவதற்காக அன்றைய காபி செஸ் கமிட்டி பம்பாய் சர்ச்கேட்டில் ஒரு கடை திறந்த ஆண்டு அது. அதன் பெயர் ‘இந்தியா காபி ஹவுஸ்’. பிறகு காபி வாரியத்தின் கீழ் நாடெங்கும் கடைகள் பெருகின. 1950களின் நடுவில் வாரியம் அவற்றை மூட முடிவு செய்தது. பணியாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் அவர்களைத் திரட்டி, கடைகளை அவர்களே கூட்டுறவாக எடுத்து நடத்த வழிசெய்தார். 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று டெல்லியில் ‘இந்தியன் காபி ஹவுஸ்’ என்ற பெயரில் முதல் கடை திறந்தது. கேரளத்தின் முதல் கடையைத் திருச்சூரில் 1958 மார்ச் 8 அன்று கோபாலனே திறந்து வைத்தார்.

ஆக, 1936 சரியா, 1957 சரியா? இரண்டுமே சரி. இரண்டில் ஒன்றை மட்டும் ‘தொடக்கம்’ என்ற கட்டத்தில் போட்டுவிட்டுப் போகிறவர், வேலை போன தொழிலாளர்கள் தங்கள் கடையைத் தாங்களே மீட்ட கதையை மறைத்துவிடுகிறார். அரசு வாரியம் நடத்திய கடை எங்கே முடிகிறது, பணியாளர்கள் சொந்தமாக நடத்தும் கடை எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்துக் காட்டுவதுதான் தொகுப்பாளரின் வேலை.

அடுத்த சிக்கல், உரிமையாளர் யார் என்பது. பெயரும் சீருடையும் ஒன்றாக இருப்பதால் ஒரே நிறுவனம் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பல கூட்டுறவுச் சங்கங்கள் தனித்தனியாக நடத்துகின்றன. கேரளத்தில் மட்டும் இரண்டு: தெற்குப் பகுதிக்குத் திருச்சூர் சங்கம், வடக்குப் பகுதிக்குக் கண்ணூர் சங்கம். தம்பானூரில் பரிமாறும் கடைக்கும் கொல்கத்தா கல்லூரித் தெருவில் பழைய ஆல்பர்ட் ஹாலில் இருக்கும் காபி ஹவுஸுக்கும் முதலாளி ஒருவரல்ல. ‘தலைமையகம்’, ‘நிர்வாக இயக்குநர்’ என்று நிறுவனங்களுக்காகப் போட்டு வைத்திருக்கும் தகவல் கட்டம் இங்கே பொருந்தாது. பொருந்தாத கட்டத்தைக் காலியாக விடுவதுதான் நேர்மை. ஒரு பெயரைப் பிடித்து உள்ளே போட்டால் பக்கம் முழுதும் பிழையாகிவிடும்.

கிளைகளின் எண்ணிக்கை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நாடு முழுவதும் சுமார் 400 என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. எந்த ஆண்டுக் கணக்கு என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. கடைகள் திறக்கின்றன, மூடுகின்றன, எண் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

கேரளத்துக் காபி ஹவுஸ்களின் வரலாற்றை எழுத வருகிறவர் தவிர்க்க முடியாத பெயர், நடக்கல் பரமேஸ்வரன் பிள்ளை. ‘காபி ஹவுஸ் பிள்ளை’ என்றே அழைக்கப்பட்டவர். சங்கம் அமைத்தவர்களில் முதன்மையானவர். அந்த நாட்களைப் பற்றி மலையாளத்தில் ‘காபி ஹவுஸின்டெ கத’ என்ற நூலை எழுதியிருக்கிறார். உள்ளிருந்தே பார்த்தவரின் சாட்சியம் என்பதால் அந்த நூல் அரிய ஆதாரம். ஆனால் அதை எழுதியவர் அந்தப் போராட்டத்தின் ஒரு தரப்பு. நாள், இடம், கூட்டம் போன்ற செய்திகளை அவர் நூலிலிருந்து எடுக்கலாம். யார் துணிந்தார், யார் பின்வாங்கினார் என்ற மதிப்பீடு வரும்போது, ‘பிள்ளை தம் நூலில் இவ்வாறு கூறுகிறார்’ என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும். கலைக்களஞ்சியம் தன் குரலில் அதைத் தீர்ப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

சுவையான கதைகளுக்கு இந்தக் கவனம் இன்னும் அதிகம் தேவை. பம்பாய் வாட்சன்ஸ் ஓட்டலில் இந்தியர் என்பதற்காக ஜாம்ஷெட்ஜி டாட்டாவை உள்ளே விடவில்லை, அந்த அவமானத்தில்தான் அவர் தாஜ்மகால் ஓட்டலைக் கட்டினார் என்பது ஊரறிந்த கதை. 1903இல் தாஜ் திறந்தது உண்மை. வாட்சன்ஸ் ஓட்டல் இருந்ததும், 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் சலனப் படங்கள் இந்தியாவில் முதன்முதலாக அங்கே காட்டப்பட்டதும் உண்மை. விரட்டப்பட்ட கதையை மட்டும் வரலாற்று ஆசிரியர் சார்லஸ் ஆலன் போன்றவர்கள் ஏற்கவில்லை. நல்ல தொகுப்பாளர் கதையை அழித்துவிட மாட்டார். கதை இருக்கிறது, அதை மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று இரண்டையும் அருகருகே வைப்பார்.

பீட்ரூட் விஷயத்துக்கு வருவோம். காபி ஹவுஸில் ஒரு தடவை சாப்பிட்டவருக்குக்கூட அது தெரியும். இருந்தாலும், ‘நானே சாப்பிட்டுப் பார்த்தேன்’ என்பதை விக்கிப்பீடியா ஆதாரமாக ஏற்காது. பத்திரிகையிலோ நூலிலோ வெளியான ஒரு குறிப்பு வேண்டும். இல்லாவிட்டால் வரியின் முடிவில் ‘மேற்கோள் தேவை’ என்ற சிறு குறி விழும். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு முதல் கோபம் இங்கேதான் வருகிறது. கண்ணால் கண்டதற்குச் சாட்சி கேட்டால் கோபம் வராதா? காரணம் இருக்கிறது. நேரில் கண்டதாகச் சொல்கிறவரை நம்பி ஒரு வரியை அனுமதித்தால், ‘அந்தச் சமையலறையில் கரப்பான் பூச்சியைக் கண்டேன்’ என்று எழுத வருகிற போட்டிக் கடைக்காரரையும் அனுமதிக்க வேண்டியிருக்கும். படிக்கிறவர் தாமே போய்ச் சரிபார்க்கத் தக்க இடம் ஒவ்வொரு செய்திக்கும் இருக்க வேண்டும். மற்ற விதிகள் பலவும் இதை ஒட்டியவைதான்.

ஒரு வரியைத் திருத்திப் பார்த்தால் விளங்கும். மலைவாசத் தலத்து விடுதிகளைப் பற்றி வழக்கமாக இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: ‘இயற்கை எழில் கொஞ்சும் பொன்முடியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் இந்த உலகத்தரம் வாய்ந்த கோல்டன் பீக் விடுதி, கனிவான உபசரிப்பால் பயணிகளின் உள்ளங்களைக் கொள்ளை கொண்டு வருகிறது.’ எழில் கொஞ்சுவதாகச் சொன்னது யார்? பெயர் இல்லை, அடித்துவிடலாம். உலகத்தரம் என்றால் எந்த அமைப்பு வழங்கிய தரம்? சொல்லவில்லை, அதுவும் போகட்டும். உள்ளங்களைக் கொள்ளை கொண்டதை அளக்க வழியே இல்லை. மிஞ்சுவது: ‘பொன்முடியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் கோல்டன் பீக் என்ற விடுதியை நடத்துகிறது.’ குட்டையாகிவிட்டது, உண்மைதான். ஆனால் நடத்துவது அரசுக் கழகம் என்ற முக்கியமான செய்தி இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. முன்பு அது அடைமொழிகளுக்குள் புதைந்து கிடந்தது.

நடத்துவது யார் என்பது ஓட்டல் தொழிலில் சின்ன கேள்வியல்ல. கோவளம் கடற்கரைக் குன்றின்மேல் இருக்கும் ஓட்டலையே பாருங்கள். கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைக்க, மத்திய அரசின் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ‘கோவளம் அசோக்’ என்று நடத்தியது. 2002இல் அரசுப் பங்கு விற்பனையின்போது அது எம் ஃபார் குழுமத்துக்குப் போனது. பின்னர் லீலா குழுமம் வாங்கியது. 2011இல் தொழிலதிபர் ரவி பிள்ளையின் ஆர்.பி. குழுமத்துக்குக் கைமாறியது; உரிமை மாறியபின்னும் லீலா என்ற பெயரிலேயே தொடர்ந்தது. வளாகத்துக்குள் இருக்கும் ஹால்சியன் மாளிகை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு வேறு தனியாக நடந்து, 2017இல்தான் மாநில அரசு அதை ஆர்.பி. குழுமத்திடம் ஒப்படைத்தது.

இப்போது ஒரு குழுமத்தின் பக்கத்தில் ‘இந்நிறுவனத்துக்கு இத்தனை ஓட்டல்கள் உள்ளன’ என்று ஒரு வரி எழுத வேண்டும். உள்ளன என்றால் என்ன பொருள்? நிலமும் கட்டடமும் சொந்தமா, வேறொருவர் கட்டடத்தை ஒப்பந்தத்தில் நிர்வகிக்கிறார்களா, பெயரை மட்டும் வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்களா? உலகின் பெரிய ஓட்டல் பெயர்களில் பல, தாங்கள் நடத்தும் கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக்காரர்களே இல்லை. ‘சொந்தமாக’, ‘நிர்வகிப்பில்’, ‘பெயர் உரிமையில்’ என்று பிரித்து எழுதாத பக்கம் வாசகரை வழிதவற வைக்கும். நிறுவனங்களின் விளம்பர அறிக்கைகள் பல சமயம் இந்த மூன்றையும் கூட்டி ஒரே பெரிய எண்ணாகத் தருகின்றன.

எல்லா ஓட்டலுக்கும் பக்கம் உண்டா என்றால், இல்லை. நிறுவனங்களுக்கு ஆங்கில விக்கிப்பீடியா வைத்திருக்கும் அளவுகோல் கடுமையானது: அந்த ஓட்டலோடு தொடர்பில்லாத, நம்பத்தக்க பல வெளியீடுகள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். புதுக் கிளை திறப்பு விழாச் செய்தி கணக்கில் வராது. ஓட்டல் கொடுத்த செய்திக்குறிப்பை அப்படியே அச்சிட்ட பத்தியும் வராது. தகுதி இல்லை என்று யாராவது கருதினால், பக்கத்தை நீக்கலாமா என்று வெளிப்படையாக ஒரு விவாதம் தொடங்கும். வழக்கமாக ஏழு நாள் நடக்கும். இதனால் மலையடிவாரத்து நல்ல கடைகள் பல கலைக்களஞ்சியத்துக்கு வெளியேதான் நிற்கின்றன. வருத்தம்தான். ஆனால் அவற்றை உள்ளே கொண்டுவர வேண்டிய முதல் பொறுப்பு, அவற்றைப் பற்றி இன்னும் எழுதாத பத்திரிகைகளுக்கும் வரலாற்று ஆய்வாளர்களுக்கும்தான் இருக்கிறது.

பணம் புகும் இடம் இனிமேல்தான். தேடலில் முதலில் வரும் பக்கம் என்றால் அதைத் தன் பக்கம் திருப்ப ஆள் வைக்கத் தோன்றும். 2013இல் விக்கி-பிஆர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வேலை அம்பலமானது. காசுக்குக் கட்டுரை எழுதிய நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகள் முடக்கப்பட்டன. மறு ஆண்டே, ஊதியம் வாங்கி எழுதுகிறவர் யாரிடம் வாங்குகிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று பயன்பாட்டு விதி வந்தது. 2015இல் ‘ஆரஞ்ச்மூடி’ என்று பெயர் பெற்ற கும்பலின் 381 கணக்குகள் முடக்கப்பட்டன. அவர்கள் செய்தது அப்பட்டமான மிரட்டல்: சிறு நிறுவனங்களின் கட்டுரை ஏற்கப்படாமல் நிற்பதைப் பார்த்து, காசு கொடுத்தால் ஏற்றித் தருகிறோம் என்று அணுகுவது, ஏற்றியபின் ‘பாதுகாக்க’ மாதக் கட்டணம் கேட்பது. அதே ஆண்டு இந்தியாவிலும் ஒரு பெரிய வழக்கு வெடித்தது. ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் பக்கத்தில் பாதகமான செய்திகளை வருடக்கணக்கில் மட்டுப்படுத்திவந்த ஒரு நிருவாகியின் கணக்கை விக்கிப்பீடியாவின் நடுவர் குழு தடை செய்தது. அந்த விளம்பரப் பக்கத்தை நம்பிப் பணம் கட்டிச் சேர்ந்த மாணவர்களை நினைத்தால், கலைக்களஞ்சியத்தில் ஒரு வரி என்ன சேதம் செய்யும் என்று புரியும்.

படங்களையும் விட்டுவைக்கவில்லை. 2019இல் த நார்த் ஃபேஸ் என்ற ஆடை நிறுவனத்துக்காகப் பிரேசில் விளம்பர முகவர்கள், சுற்றுலாத் தலங்களின் விக்கிப்பீடியா படங்களை மாற்றி, அந்நிறுவனத்தின் பொருட்கள் தெரியும் படங்களை வைத்தார்கள். தன்னார்வலர்கள் கண்டுபிடித்து நீக்கினார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

புகழ்ச்சியை வெட்டுவதுபோலவே பழியையும் அளந்து எழுத வேண்டும். தமிழர்களுக்கு இதில் சரவண பவனைவிடக் கடினமான உதாரணம் கிடையாது. 1981இல் சென்னை கே.கே. நகரில் தொடங்கி, தமிழர் வாழும் பல நாடுகளிலும் கிளைபரப்பிய உணவகம் அது. நிறுவனர் பி. ராஜகோபால் 2001இல் நடந்த ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்டார். 2004இல் அமர்வு நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு ஜூலை 18 அன்று அவர் இறந்தார். உணவகத்தின் பக்கத்திலிருந்து இதை ஒளித்தால், வாசகருக்குச் செய்யும் துரோகம். பக்கம் முழுவதையும் வழக்கு விவரத்தால் நிரப்பினாலோ, அங்கே வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பும் தமிழ்ச் சைவ உணவு உலகெங்கும் பரவிய வரலாறும் காணாமல் போகும். நீதிமன்றம் தீர்த்துச் சொன்னதை நாளும் முடிவும் குறிப்பிட்டு ஓரிரு வரியில் உணவகப் பக்கத்தில் எழுதி, விரிவை நிறுவனரைப் பற்றிய தனிக் கட்டுரைக்கு விடுவது ஏற்புடைய வழி. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது விதி இன்னும் கடுமை: ஆதாரமில்லாத பழி இருந்தால் விவாதத்துக்குக்கூடக் காத்திராமல் உடனே நீக்கலாம்.

சரி, ஓட்டல்காரரே தன் பக்கத்தில் பிழை கண்டால் என்ன செய்வது? ஊர் பெயர் தவறு, மூடிய கிளை இன்னும் பட்டியலில் இருக்கிறது, தொடங்கிய ஆண்டு மாறியிருக்கிறது. அவர் கட்டுரையில் நேரே கைவைக்காமல், அதற்கென்றே இருக்கும் பேச்சுப் பக்கத்துக்குப் போவது முறை. ‘நான் இந்த ஓட்டலில் வேலை செய்கிறேன்’ என்று முதலில் சொல்லிவிட்டு, எந்த வரி தவறு, எது சரி, ஆதாரம் எது என்று எழுதி வைத்தால் தொடர்பில்லாத ஒருவர் பார்த்து மாற்றுவார். ஆதாரம் தெளிவாக இருக்கும் வேண்டுகோளை மறுக்க யாருக்கும் காரணம் இருக்காது. ‘எங்கள் புகழைக் கெடுக்கிறீர்கள்’ என்று தொடங்கும் வேண்டுகோள்தான் நகராமல் கிடக்கும்.

இந்த வேலை ஆங்கிலத்தில் மட்டும் நடப்பதல்ல. மலையாள விக்கிப்பீடியா 2002 டிசம்பர் 21 அன்று தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல். தமிழில் அடித்தளம் போட்ட இ. மயூரநாதன் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். இந்தப் பணிக்காக 2015ஆம் ஆண்டின் இயல் விருது பெற்றவர். இன்று தமிழில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. பொதுவான சந்தேகங்களைப் பேசும் பக்கத்துக்கு அங்கே ‘ஆலமரத்தடி’ என்று பெயர். புதியவர்கள் கூச்சமில்லாமல் கேட்கலாம். எழுதிப் பழக ‘மணல்தொட்டி’ இருக்கிறது. ஓட்டல்களைப் பற்றி எழுத விரும்புகிற தமிழருக்கு இங்கே ஏராளமான வேலை காத்திருக்கிறது. காபி ஹவுஸ் வரலாறு மலையாள நூல்களில் கிடக்கிறது. உடுப்பி ஓட்டல்களின் வரலாறு கன்னடத்தில். மதுரை, கொழும்பு, கோலாலம்பூர் சாப்பாட்டுக் கடைகளின் வரலாறு பழைய தமிழ் இதழ்களிலும் விழா மலர்களிலும். ஆதாரம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இதழின் பெயர், நாள், பக்க எண் சரியாகக் கொடுத்தால் போதும். இணையத்தில் இல்லாத அச்சு நூலும் செல்லும்.

எழுதத் தயங்குகிறவர்கள் படத்திலிருந்து தொடங்கலாம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டடங்களைப் படம் எடுத்து வெளியிடுவதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. எனவே தம்பானூரில் இறங்குகிற எவரும் பேக்கரின் செங்கல் கோபுரத்தைத் தன் கைப்பேசியில் எடுத்து, விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். ஓட்டலின் இணையதளத்திலிருந்து எடுத்த படத்தை மட்டும் ஏற்றக் கூடாது. அதன் பதிப்புரிமை பிறருடையது. பிறர் வணிகத்துக்கும் பயன்படுத்த இசைவு தரும் உரிமத்தைத் தேர்ந்தெடுத்து, எடுத்த நாளையும் இடத்தையும் குறிப்பில் எழுத வேண்டும். சாப்பிட்டுக் கொண்டிருப்பவர்களின் முகம் தெரியாமல், வளைந்து ஏறும் சரிவும் செங்கல் இடைவெளிகளும் தெளிவாகத் தெரியும்படி எடுத்த படம் கட்டுரைக்கு அதிகம் உதவும். காலை நேரத்தில் கூட்டம் சேர்வதற்கு முன் போவது நல்லது.